அடமா, வேறு ஏதாவதா? சின்னப் பிள்ளையை வளர்ச்சி மதிப்பீட்டுக்கு அழைத்துப் போவது

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை, பட்டர்வொர்த் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் 15 வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது அப்படி வரும். பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், கையில் கிடைத்ததைத் தூக்கி எறியும், கதவு திறந்தால் ரோட்டைப் பார்த்து ஓடும். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கும்போது அது மட்டும் மூலையில் நின்று சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் கேட்டால் வருகிற பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "சேட்டை டீச்சர். அவங்கப்பாவும் சின்னதுல இப்படித்தான்." "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." "பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க." கடைசியில் பெரியவர் யாராவது "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சொல்லி முடித்துவைப்பார்.

நானும் ஒரு பிள்ளை விஷயத்தில் அப்படி நம்பியிருக்கிறேன். நாலு வயதுப் பையன். ஒரு வருடம் முழுக்க அவனை "அடங்காத பிள்ளை" என்றே நினைத்தேன். அந்த வருடத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவன் கதையை இடையிடையே சொல்கிறேன், ஏனென்றால் வளர்ச்சி மதிப்பீடு என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவன்தான்.

சேட்டை, அடம், முரட்டுத்தனம் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகிற மேல்பக்கம். ஒரே கடியின் அடியில் பத்துக் காரணம் இருக்கலாம். மதிப்பீடு செய்கிறவர்கள் அந்தக் காரணத்தைத்தான் தேடுகிறார்கள். பிள்ளைக்கு ஒரு நோய்ப் பெயர் சூட்டி அனுப்புவதுதான் அங்கே நடக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெயர் வரலாம், வராமலும் போகலாம். வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்திருப்பது, அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது, பெற்றோர் தினமும் சண்டை போடுவது போன்றவையே காரணமாக இருப்பதும் உண்டு. அதனால்தான் நல்ல மருத்துவர் வீட்டு நிலைமையை அவ்வளவு நேரம் விசாரிக்கிறார். குற்றம் கண்டுபிடிக்க அல்ல.

முதலில் பார்க்க வேண்டியது காது. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சின்னப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது. ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல எல்லாம் மங்கலாகத்தான் கேட்கும். சில நாள் நன்றாகக் கேட்கும், சில நாள் கேட்காது. அதனால் வீட்டில், "அவனுக்கு வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது" என்பார்கள். வகுப்பில் "உட்கார்" என்று சொன்னபோது அந்த நாலு வயதுப் பையன் உட்காராததற்கு அது காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காதுக்குள் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் சோதனை இருக்கிறது, பிள்ளை பேசவோ பதில் சொல்லவோ தேவையில்லை. பேச்சு தாமதமாகும் எந்தப் பிள்ளைக்கும் இதைச் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

அப்புறம் பேச்சு. "அது என்னோடது, குடு" என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல்தான் வாய்ப்பேச்சு. அதே போலத் தூக்கம். இரவில் குறட்டை, வாயைத் திறந்துகொண்டு மூச்சு, காலையில் எழுந்திருக்க அழுகை என்றால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து மூச்சை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து விழுவார்கள். சின்னப் பிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறாக ஓயாமல் ஆடுவார்கள். இரும்புச்சத்துக் குறைவும் பிள்ளையை எரிச்சல்காரனாக்கும், அதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

இவற்றையெல்லாம் தாண்டித்தான் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) போன்ற பெயர்கள் வருகின்றன. ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அடையாளங்கள் குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பாட்டி வீட்டில் மட்டும் ஆடுகிற பிள்ளை அந்தக் கணக்கில் வராது. ஆறு வயதுக்குக் கீழ் என்றால், முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. பிள்ளையைக் கையாளும் முறையை அவர்களுக்குக் கற்றுத்தருவார்கள். மருந்து அதற்குப் பிறகுதான். போனதும் மாத்திரை எழுதிவிடுவார்கள் என்று பயந்து மதிப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆட்டிசத்தில் இரண்டு பக்கம் பார்க்கிறார்கள். ஒன்று, மற்றவர்களோடு உறவாடுவதும் தகவல் பரிமாறுவதும். இன்னொன்று, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள், மாற்றத்தைத் தாங்க முடியாமை. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றுக்கு வழக்கத்துக்கு மாறாக எதிர்வினை காட்டுவதை 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் உறுமி மேளம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு கதறுகிற பிள்ளையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். "சாமி வந்துருச்சு" என்கிறார் ஒருவர், "ஒரு அறை விடு" என்கிறார் இன்னொருவர். அந்தப் பிள்ளைக்கு அந்த மேளம் உண்மையிலேயே வலிக்கிறது.

தாயின் வளர்ப்பு சரியில்லாததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே நம்பினார்கள். 1950, 60களில் எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது தவறு என்று தெளிவாகி எத்தனையோ காலமாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் நம் வீடுகளில் இன்னும் மருமகளைத்தான் கேட்கிறார்கள், "நீ வேலைக்குப் போனதாலதான்" என்று.

எந்த வயதில் சந்தேகப்பட வேண்டும்? இதற்கு நம் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அது. விரலை நீட்டி "அங்க பாரு நிலா" என்றால், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் பக்கம் பார்க்கும். பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் பார்க்கும், "நீயும் பார்த்தியா" என்பதுபோல. பிறகு அதுவே விரல் நீட்டி நாயையும் பஸ்ஸையும் உங்களுக்குக் காட்டும். இந்தப் பகிர்தலைத்தான் மருத்துவர்கள் மிக உன்னிப்பாகத் தேடுகிறார்கள். "சாமி கும்பிடு", "டாட்டா சொல்லு" என்றால் பார்த்துச் செய்கிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதும் அப்படித்தான். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வந்த பேச்சு நின்றுபோனால், சிரித்துப் பழகிய பிள்ளை விலகிப்போனால், எந்த வயதானாலும் உடனே போக வேண்டும். கடிக்காமல் எறியாமல் அமைதியாகத் தனக்குள் இருக்கும் பெண் பிள்ளைகளை நாம் எல்லாருமே தவறவிடுகிறோம், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் இதற்கான முதல் வலை அரசு கிளினிக்கில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில் இருக்கிறது. பிறந்ததும் கொடுக்கும் அந்தச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில், தடுப்பூசிப் பக்கம் தவிர மற்றப் பக்கங்களைப் பலர் புரட்டியே பார்ப்பதில்லை. ஆட்டிசத்தின் ஆரம்ப அடையாளங்களைத் தேடும் எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல் அதில் இருக்கிறது. 18 மாதத்திலும் 3 வயதிலும் அதை நிரப்ப வேண்டும். கொஞ்சம் கவனித்தால் இங்கே ஒரு ஓட்டை தெரியும். தீபகற்ப மலேசியாவில் 18 மாத ஊசி போட்ட பிறகு, பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் போடும் ஊசிவரை அட்டவணையில் வேறு ஊசி இல்லை. ஊசி இல்லை என்றால் கிளினிக்குக்கு யார் போகிறார்கள்? பேச்சு மலர வேண்டிய, சேட்டை தலைகாட்டுகிற அந்த ஆண்டுகள் முழுக்க மிஸியின் (கிளினிக் தாதியின்) கண்ணில் படாமலே ஓடிவிடுகின்றன. என் மாணவனின் புத்தகத்தில் 3 வயதுப் பக்கம் காலியாகத்தான் இருந்தது. அதற்கு முந்திய 18 மாதப் பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று டிக் போட்டிருந்தது. வரிசையில் நின்றபடி, மலாய்க் கேள்விகளைச் சரியாகப் படிக்காமல், அவன் அம்மாவின் மாமியார்தான் போட்டாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "உங்கள் குழந்தை தனக்கு விருப்பமானதை உங்களுக்குக் காட்ட விரல் நீட்டுகிறதா" என்ற கேள்வியின் முக்கியத்துவத்தை யாரும் அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை.

எம்-சாட் வெறும் சல்லடை. அதில் சிக்கினால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, சிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்றும் அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் கிளினிக் மருத்துவரிடமே நேரடியாகச் சொல்லி, மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். பினாங்கில் அது பெரும்பாலும் ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ, பெருநிலத்தில் செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ போகும். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), சுகாதார அமைச்சின் மருத்துவமனை நிபுணரிடம் 5 வெள்ளி. பணம் தடையாக இருக்காது, காத்திருப்புதான் தடை. பிள்ளை வளர்ச்சி நிபுணர்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர்தான், முறை வர மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் "இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்" என்று தள்ளிவைப்பவர்களிடம் நான் மன்றாடுகிறேன். வரிசையில் பெயரைப் போட்டுவிட்டு அந்த ஆறு மாதமும் பாருங்கள். அதற்குள் பிள்ளை சரியாகிவிட்டால் போய்ச் சொல்லிவிட்டு வரலாம்.

தனியார் மையங்களில் சீக்கிரம் பார்ப்பார்கள், செலவு சில நூறிலிருந்து ஆயிரக்கணக்கான வெள்ளிவரை போகும். யாரிடம் போனாலும் ஒன்றைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்வழிப் பயிற்சியாளர் ஆகியோர் 2016-இன் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மதிப்பீட்டுக்கும் ஆரம்பப் பயிற்சிக்கும் ஆன செலவில் கழிவு உண்டு. 2023 வரி ஆண்டில் 4,000 வெள்ளி வரை என்று தொடங்கி, 2025 வரி ஆண்டில் 6,000 ஆக்கினார்கள். ரசீதுகளை எறியாதீர்கள்.

காத்திருக்கும் மாதங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்வேன். பிள்ளை வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் மூன்று வரி போதும். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன்பிறகு நாம் என்ன செய்தோம். "டிவியை அணைத்தேன். தலையைச் சுவரில் முட்டினான். பயந்து மறுபடி போட்டேன்." இப்படி இரண்டு வாரம் எழுதினால், மருத்துவர் படிப்பதற்கு முன்பே உங்களுக்கே ஏதாவது புரியத் தொடங்கும். கைப்பேசியில் சின்னச் சின்ன வீடியோக்களும் எடுத்து வையுங்கள். மருத்துவமனையின் குளிர்ந்த அறையில், தெரியாத முகத்தின் முன்னால், அரை மணி நேரம் பிள்ளை பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும், அல்லது வீட்டில் ஒருநாளும் இல்லாத அளவுக்கு ஆடும். இரண்டுமே அசல் இல்லை. கெட்ட நேரத்தை மட்டும் எடுக்காமல், சோறு ஊட்டும்போதும் குளிக்கும்போதும் தாத்தாவோடு விளையாடும்போதும் எடுங்கள்.

இனி நான் அதிகம் வருத்தப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மொழி.

அந்தப் பையனின் அம்மா என்னையும் துணைக்குக் கூப்பிட்டுப் போனார். சோதித்த பெண் நல்லவர், பொறுமையானவர், மலாய் பேசுகிறவர். படங்களைப் பரப்பிவைத்து, பூனை எங்கே என்று மலாயில் "மானா குச்சிங்?" என்றார். பையன் ஜன்னலைப் பார்த்தான். பந்து எங்கே என்று "மானா போலா?" அதற்கும் ஜன்னல்தான். அவர் தாளில் குறித்துக்கொண்டார். வீட்டில் பாட்டியோடும் அம்மாவோடும் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவன் அவன், பள்ளியிலும் தமிழ்தான். "குச்சிங்" என்றால் அவனுக்கு என்ன தெரியும்? அம்மா வாயைத் திறக்கவில்லை. பெரிய இடம், படித்தவர்கள், நடுவில் பேசினால் தப்பாகிவிடும் என்று பயம். நானும் பேசவில்லை. சில சொற்களே புரிகின்றன என்று அந்த அறிக்கையில் எழுதப்பட்டது.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மதிப்பீட்டுக்குப் பயன்படும் சோதனைகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் பிள்ளைகளை அளவுகோலாக வைத்து உருவானவை. மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கென்று அளவுகோல் கிடைப்பது அரிது, தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர்களும் குறைவு. அதனால் பிள்ளையின் தமிழை அந்த அறைக்குள் கொண்டுபோகிற வேலை நம் தலையில்தான் விழுகிறது. அதை முன்கூட்டியே செய்யலாம். சந்திப்பு குறிக்கும்போதே வீட்டு மொழி தமிழ் என்று சொல்லுங்கள், தமிழ் தெரிந்த மருத்துவரோ மிஸியோ இருக்கிறாரா என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால், நான் தமிழில் கேட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள். பிள்ளைக்குப் புரிகிற சொற்களையும் தானாகச் சொல்கிற சொற்களையும் தனித்தனியாக எழுதி, பக்கத்தில் மலாய் அர்த்தத்தோடு கொண்டுபோங்கள். "ஙா" என்றால் தண்ணீர் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால், அதையும் எழுதுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பேச்சு தாமதம் என்றதும் "வீட்டுல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பிள்ளை குழம்புது" என்று அறிவுரை வந்துவிடும். உறவினர் சொல்வார், சில நேரம் வெள்ளைக் கோட்டு போட்டவரே சொல்வார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகிறது என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் அப்படித்தான். அந்த அறிவுரையைக் கேட்டால் உண்மையில் நடப்பது இதுதான்: தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசும் அம்மா குறைவாகப் பேசுவார், பாட்டி பேச்சையே நிறுத்திவிடுவார். பேச்சு மிகவும் தேவைப்படுகிற பிள்ளைக்கு வீட்டில் பேச்சே இல்லாமல் போய்விடும்.

சரி, அறிக்கை வந்துவிட்டது. அப்புறம் அட்டைப் பயம். ஓ.கே.யு. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் பிள்ளையின் வாழ்க்கையில் முத்திரை விழுந்துவிடும், பின்னால் கல்யாணம் ஆகாது என்று நாலு வயதுப் பிள்ளைக்கு யோசிப்பார்கள். மதிப்பீடு வேறு, கார்டு வேறு. மதிப்பீடு முடிந்து கார்டு எடுக்காமலே பயிற்சிக்குப் போகிறவர்கள் உண்டு. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சமூகநலத் துறையில் பதிவு செய்வது அவரவர் விருப்பம். அதன் ஏழு பிரிவுகளில் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. போன்றவை கற்றல் சிரமம் என்ற பிரிவில் வருகின்றன. பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர மருத்துவரின் உறுதிப்பாடு வேண்டும், சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை.

ஆனால் நம் வீடுகளுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், சிறப்புக் கல்வி வகுப்பு உள்ளவை கொஞ்சம்தான். அக்கா படிக்கிற தமிழ்ப்பள்ளியில் தம்பிக்கு வேண்டிய சிறப்பு வகுப்பு பெரும்பாலும் இருக்காது. தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்பு, அல்லது தமிழ்ப்பள்ளியின் சாதாரண வகுப்பு, இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. மொழியா, உதவியா என்று எந்தப் பெற்றோரையும் கேட்கக் கூடாது, ஆனால் இன்று அப்படித்தான் கேட்கிறோம். ஐந்து வயதுக்குள் மதிப்பீடு முடிந்திருந்தால், அருகில் எந்தப் பள்ளியில் என்ன வகுப்பு உண்டு என்று தேடவும், தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசவும், மாவட்டக் கல்வி இலாகாவில் விசாரிக்கவும் ஒரு வருடமாவது கையில் இருக்கும். முதலாம் ஆண்டில் சேர்ந்து மூன்றாம் வாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபிறகு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தப் பையனுக்கு இரண்டு காதிலும் நீர் இருந்தது. செவிப்பறையில் சிறு குழாய் வைத்தார்கள். கடிப்பது ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்தது, கூப்பிட்டால் திரும்பினான். எல்லாம் காதால்தான் என்று வீட்டில் நிம்மதியானார்கள், நானும்தான். ஆனால் விரல் நீட்டி எதையும் எங்களுக்குக் காட்டவில்லை. மின்விசிறிக்கு முன்னால் நிற்பதும் நிற்கவில்லை. ஐந்தரை வயதில் மறு மதிப்பீட்டுக்குப் போனபோது ஆட்டிசமும் இருக்கிறது என்றார்கள். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த இரண்டாவது தடவை அவன் அம்மா நோட்டோடு வந்திருந்தார். புரிகிற சொற்கள் நாலு பக்கம், சொல்கிற சொற்கள் ஒரு பக்கம். படங்களைப் பரப்பியதும், "டாக்டர், நான் தமிழில் கேட்கலாமா?" என்று மலாயில் கேட்டார். குரல் நடுங்கியது. சோதித்தவர் தலையாட்டினார்.

"பூனை எங்க சாமி?"

அவன் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. கை மட்டும் நகர்ந்து வந்து பூனைப் படத்தின் மேல் விரலை வைத்தது. பந்து, குடை, வாழைப்பழம் என்று அம்மா கேட்கக் கேட்க, விரல் போய்ப் போய்ச் சரியான படத்தில் நின்றது. முதல் அறிக்கையில் "சில சொற்கள்" என்றிருந்த இடத்தில் இந்தத் தடவை வேறு வரி எழுதினார்கள்: வீட்டு மொழி தமிழ், தாயின் உதவியோடு தமிழில் சோதிக்கப்பட்டது, அன்றாடச் சொற்கள் பலவற்றைப் புரிந்துகொள்கிறான். அவனுக்குப் பேச்சுப் பயிற்சி அந்த வரியிலிருந்து தொடங்கியது.